அவாஃபி மணலில் இரண்டு முடிச்சு

வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, பர் துபாயில் இருக்கும் என் துணிக்கடையின் ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். இருபத்திரண்டு வருஷத்தில் வியாழன் மதியம் நான் கடை அடைத்தது இது மூன்றாவது தடவை. முதல் தடவை ஊரில் வாப்பா மௌத்தாகி, சாவுச் செய்தி வந்தபோது. இரண்டாவது தடவை மழைத் தண்ணீர் கடைக்குள் வந்தபோது. இந்தத் தடவை செல்லத்துரையால்.

செல்லத்துரைக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம், எனக்குக் காயல்பட்டினம். வந்த புதிதில் அல் குசைஸில் எட்டுப் பேர் தங்கிய ஒரு ரூமில் அவனுக்கு மேல்கட்டில், எனக்குக் கீழ்கட்டில். பிறகு நான் கடை வைத்தேன், அவன் ராஸ் அல் கைமாவுக்குப் போய் அவாஃபி பாலைவனத்தில் ஓர் அரபியின் ஆட்டுப் பண்ணைக்குக் காவலாளாகச் சேர்ந்தான். ஒன்பது வருஷமாக அங்கேதான். என்னைக் காக்கா என்று கூப்பிடுவான். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். சென்னைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்று மதியம் ஒரு மணிக்குப் போன் வந்தது. "காக்கா, உடனே வாங்க. நல்லா அரபு பேசுற ஆள் வேணும். ஓதத் தெரிஞ்ச ஆளா இருந்தா இன்னும் நல்லது."

"என்னடா செஞ்சு தொலைச்சே?"

"பக்கத்துக் கூடாரத்துக்கு நான் சூனியம் வச்சிட்டேன்னு பேச்சு வரப்போவுது. ஆளைக் கேட்டுக்கிட்டிருக்காவ. நாளைக்குச் சாயங்காலம் மஃரிபு தொழுகை வரைக்கும் டயம். அதுக்குள்ள செஞ்சவன் வந்து ஒத்துக்கலன்னா போலீசு."

இந்த நாடுகளில் சூனியக் கேஸ் என்றால் விளையாட்டு இல்லை. ஜெயில், அப்புறம் விசா ரத்து, அப்புறம் ஊருக்கு ஒரே ஏற்றுமதி. "நீ வச்சியா?" என்று கேட்டேன். "வச்சேன் காக்கா, ஆனா அது சூனியம் இல்ல" என்றான். அட மடப்பயலே என்று கத்திவிட்டுத்தான் ஷட்டரை இழுத்தேன்.

மதியம் 2.10. யூனியன் பஸ் ஸ்டேஷனில் ராஸ் அல் கைமா பஸ். டிக்கெட் 27 திர்ஹம், தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஷார்ஜாவைத் தாண்டும்வரை பஸ் ஊர்ந்தது. அதன் பிறகு இரண்டு பக்கமும் மணல்தான். டிசம்பர் பாதியில் தொடங்கி இந்த ரோட்டில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். சவூதி நம்பர் பிளேட் போட்ட பெரிய வண்டிகள் வரிசையாகப் போகும். கூரைமேல் கூடாரத் துணி, பின்னால் இழுவண்டியில் ஜெனரேட்டர், ஒன்றிரண்டில் கூண்டுக்குள் ஒட்டகக் குட்டிகூட இருக்கும். எல்லை தாண்டி ஒரு நாள் முழுக்க ஓட்டிக்கொண்டு வருவார்கள். குளிர் இருக்கும் இரண்டு மாதமும் மணலில் கூடாரம் அடித்துக் குடியிருந்துவிட்டு, வெயில் ஏறும்போது போய்விடுவார்கள்.

செல்லத்துரையின் பண்ணை வேலிக்குப் பக்கத்தில் இறங்கும் குடும்பம் சவூதியில் ஹுஃபூஃப் பக்கத்தைச் சேர்ந்தது. இது அவர்களுக்கு ஆறாவது குளிர்காலம். குடும்பத் தலைவரை எல்லோரும் அபூ நூரா என்பார்கள், நூராவின் தகப்பன் என்று அர்த்தம். பிள்ளை பெயரால் தகப்பனைக் கூப்பிடுவது அரபிகள் வழக்கம். பண்ணைக் கிணற்றிலிருந்து செல்லத்துரை அவர்களுக்கு ஹோஸ் போட்டுத் தண்ணீர் விடுவான். வெள்ளிக்கிழமை தோறும் அங்கிருந்து ஒரு பெரிய தட்டு நிறையக் கறிச்சோறு வரும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்க நம்ம ஆளுக்கு மனசு வராது. ஒரு தடவை ரவா கேசரி வைத்துக் கொடுத்தான், மறுவாரம் அவர்கள் இரண்டு தட்டு அனுப்பினார்கள். "இவியளோட போட்டி போட்டு முடியாது காக்கா" என்று போனில் சிரிப்பான். வருஷத்தில் பத்து மாதம் ஆட்டோடு பேசுகிறவனுக்கு அந்த இரண்டு மாதம்தான் திருவிழா.

மாலை 4.25. ராஸ் அல் கைமா. டாக்ஸி ஓட்டுநர் பெஷாவர்க்காரர், பெரிய மீசை. நாற்பத்தைந்து திர்ஹம் பேசிக்கொண்டேன். தார் ரோடு முடிந்து மணல் பாதை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்.

"பஸ் பாய், இதர் தக்," என்றார். இதுவரைக்கும்தான் வருவாராம்.

"கூடாரம் அதோ தெரியுதே, இன்னும் ஒரு கிலோமீட்டர்தான்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் மன்றாடினேன். அவர் கண்ணாடி வழியாக அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அந்தக் கூடாரத்திலிருந்து யாரும் டாக்ஸிக்கு போன் செய்வதில்லை, பாட்டுச் சத்தம் இல்லை, மணல் பைக் சத்தம் இல்லை, நல்ல இடமாகத் தெரியவில்லை என்றார். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். நான் ஷூவுக்குள் மணலை அள்ளிக்கொண்டு நடந்தேன்.

அவர் சொன்னது சரிதான். ஏழு கூடாரம், ஆறு வண்டி. வெயில் இன்னும் இருந்தது, ஆனால் எல்லாக் கூடாரத்திலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசல் துணிகள் இறக்கிக் கட்டப்பட்டிருந்தன. ஆள் இருக்கிற கூடாரம் என்பதற்கு அடையாளம், துணி இடுக்குகளிலிருந்து கசிந்த சாம்பிராணிப் புகை மட்டும்தான். சுற்றிலும் மணலில் சுண்ணாம்புக் கோடு மாதிரி ஒன்று வளைந்து போயிற்று. குனிந்து தொட்டு நாக்கில் வைத்தேன். கல் உப்பு. ஒரு கூடாரத்தையும் விடாமல் வளைத்துக் கொட்டியிருந்தார்கள்.

செல்லத்துரை வேலி ஓரம் நின்றிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"பாத்தியளா காக்கா, உப்பை? எனக்குத்தான் ஏதோ வச்சிருக்காவ. நேத்துலருந்து ஆடு ஒண்ணும் மேயல. பண்ணையில நிக்குற ஒட்டகம் எல்லாம் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்குது."

"அடச்சீ! அது அவங்க தங்களைக் காப்பாத்திக்கப் போட்டது. நீ வச்சதை நினைச்சு அவங்க நடுங்குறாங்க, அவங்க போட்டதை நினைச்சு நீ நடுங்கு. நல்லாத்தான் இருக்கு அக்கம்பக்கம்! முதல்லேருந்து சொல்லு."

அவன் சொன்னது இதுதான். அபூ நூராவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் நூராவுக்கு எட்டு வயசு இருக்கும், சின்னவள் ஷம்மாவுக்கு ஐந்தாறு. போன குளிர்காலம்வரை இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வேலிக்கு வந்து ஆட்டுக்குட்டிக்குப் புல் கொடுப்பார்கள். இந்த வருஷம் ஷம்மா மட்டும் வருகிறாள். பேச்சு இல்லை, சாப்பாடும் சரியில்லை என்று கூடாரத்துக்கு இந்த வருஷம் புதிதாக வந்த சமையல்காரர் சைகையில் சொல்லியிருக்கிறார். தினமும் சாயங்காலம் மணல் மேட்டில் வந்து நிற்பாள். பெரியவளைக் கண்ணிலேயே காணோம்.

"அரபி வீட்டுப் பொம்பளப் பிள்ளையப் பத்தி நாம விசாரிக்கக் கூடாதுல்லா? பெரிய பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்ல, உள்ள படுத்துக் கெடக்குன்னு நெனச்சேன். ரெண்டு பிள்ளைக்கும் ஒரே கண்ணேறு. எங்க வீட்டுல என்ன செய்வாவளோ அதைச் செஞ்சேன். காலடி மண்ணு, கல்லுப்பு, தலைக்கு ஏழு மொளகா. துண்டக் கிழிச்சு ரெண்டு முடிச்சாக் கட்டி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னே மூணு சுத்து சுத்தினேன். அடுப்புல போடணும். அந்நேரம் பாத்து அபூ நூரா வண்டி வந்துட்டு. சுத்தினதக் கையில வச்சுக்கிட்டு ரூமுக்குள்ள போகக் கூடாது. காலம்பற போட்டுக்கலாம்னு வன்னி மரத்து வேருல சொருவினேன்."

அவர்கள் காஃப் என்று சொல்லும் மரம் நம் வன்னிதான். மறுநாள் விறகு பொறுக்க வந்த பெண்கள் கண்ணில் இரண்டு முடிச்சும் பட்டன. பிள்ளையின் காலடி மண்ணை எடுத்து, துணியில் முடிந்து, மரத்தடியில் ஒளித்து வைப்பது. நம் ஊரில் அது பிள்ளைப் பாசம். அவர்கள் ஊரில் ஒருவனை ஒழிப்பதற்கு அச்சு அசலாக இதையேதான் செய்வார்கள் என்று நம்புகிறார்கள்.

"கேட்டப்பவே சொல்லியிருக்கலாமில்லடா?"

"எந்த அரபுல சொல்ல? கேட்டாக் கொஞ்சம் புரியும். பேசத் தெரிஞ்சது ஆடு, தண்ணி, தீவனம், போன்னு சொல்ல யல்லா, இல்லன்னு சொல்ல மாஃபி. இதை வச்சுக் கண்ணேறை எப்படிச் சொல்லுவேன்?"

மாலை 5.35. வெயில் சிவந்துவிட்டது. கூடாரத் துணி விலகி ஒரு சின்னப் பெண் வெளியே வந்தாள். வெள்ளைக் குளிர்ச்சட்டை, தலையில் கம்பளித் தொப்பி. உப்புக் கோட்டை மிதிக்காமல் தாண்டி மேட்டில் ஏறி நின்றாள். "ஷம்மா" என்றான் செல்லத்துரை, குரலைத் தாழ்த்தி. அவள் எங்களைப் பார்க்கவில்லை. இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி விரல்களை மடக்கி வைத்திருந்தாள். கை வலிக்காதா என்று எனக்குத் தோன்றியது. இரண்டு நிமிஷம் ஆகியும் அந்தக் கை இறங்கவில்லை. பிறகு கை நீட்டியபடியே திரும்பி, இரண்டு பேர் போகிற அகலத்துக்கு இடம் விட்டு, கூடாரத்துக்குள் போனாள். காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்சியை மூன்று தடவை ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டேன். வெட்கமாக இல்லை, பயமாகத்தான் இருந்தது.

மாலை 6.30. மஃரிப் தொழுகை முடிந்ததும் சலாம் சொல்லிக்கொண்டு பெரிய கூடாரத்துக்குள் போனோம். நாளை வரை தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை. அபூ நூராவுக்கு நாற்பது வயசு இருக்கும், தாடியில் நரை. நடுவில் விறகு எரிந்துகொண்டிருந்தது. கறுப்புத் திரைக்குப் பின்னால் பெண்கள் இருப்பது தெரிந்தது, வளையல் சத்தம்கூட இல்லை. அரபி வீட்டில் உட்காருமுன்னே காப்பி வரும். எங்களுக்கு வரவில்லை. அவர் முன்னால் ஓர் எவர்சில்வர் தட்டில் இரண்டு சிவப்பு முடிச்சுகள் இருந்தன.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "இதை வைத்தது இவன்தான். சூனியம் இல்லை. எங்கள் நாட்டில் தாய்மார் பிள்ளையின் கண்ணேறு கழிக்கச் செய்வது. என் உம்மாவும் எனக்குச் செய்தவர்தான். அல்லாஹ் மீது ஆணை."

"நம் மார்க்கத்தில் இது இல்லை," என்றார்.

"இல்லைதான். எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஆலிமும் உம்மாவைத் திட்டினார். உம்மா கேட்கவில்லை."

அவர் முகம் கொஞ்சம் இளகியது போல இருந்தது. உடனே இறுகிவிட்டது. "ஆறு குளிர்காலம் இவன் கையால் தண்ணீர் குடித்தோம். சரி, நீ சொல்வதை நம்புகிறேன் என்று வைத்துக்கொள். ஒரு முடிச்சு ஷம்மாவுக்கு. இன்னொன்று யாருக்கு?"

"நூராவுக்கு."

திரைக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். அபூ நூரா என்னையே பார்த்தார். "நூரா கோடையில் இறந்துவிட்டாள். காய்ச்சல். மூன்றே நாள்."

நான் தமிழில் சொல்ல வாய் திறக்குமுன் செல்லத்துரை தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆடு செத்தால் முதலாளிக்குப் போனில் சொல்வதற்காக அவன் கற்று வைத்திருந்த அரபு வார்த்தைதான் அது. "ஐயோ, அந்தப் பிள்ளையா? புல்லு குடுக்குற பிள்ளையா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். எனக்கு அவனை எப்படித் தேற்றுவது என்று தெரியவில்லை.

அபூ நூரா குரலை உயர்த்தவில்லை. "அப்படியானால் நூராவின் காலடி மண் இவனுக்கு எங்கே கிடைத்தது? கேள்."

கேட்டேன். செல்லத்துரை மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "மேட்டுலதான். சின்னப் பிள்ள காலடிக்கு இடப்பக்கம், அதவிடக் கொஞ்சம் பெரிசா இன்னொரு காலடி இருந்துச்சு. சாயங்காலம் ரெண்டும் சேந்து வந்து நின்னுட்டுப் போயிருக்குன்னு நெனச்சேன். ரெண்டுலயும் எடுத்தேன்."

"டேய், ஒரே இடத்துல எடுத்து ரெண்டாப் பிரிச்சேன்னு சொல்லித் தொலை. இதைச் சொன்னா நீ ஜெயிலுக்குத்தான் போவே."

"இல்ல காக்கா. ரெண்டு காலடி இருந்துச்சு."

இதைப் போய் நான் எப்படிச் சொல்வேன்? அவனுக்குப் பதிலாக ஒரு நல்ல பொய்யை அரபியில் சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இத்தனை வருஷ வியாபாரத்தில் அந்த மாதிரிப் பொய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்தத் தகப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. செல்லத்துரை சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

பிறகு திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், மிகவும் மெதுவாக: "செருப்புக் காலா, வெறுங்காலா?"

நான் அதைத் தமிழில் கேட்டேன். "வெறுங்காலு," என்றான் செல்லத்துரை. "அஞ்சு விரலும் தெரிஞ்சுது."

நான் அதை அரபியில் சொன்னதும் திரைக்குப் பின்னால் எழுந்த சத்தத்தை அழுகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அபூ நூரா கண்ணை மூடிக்கொண்டு, என்னிடம் இல்லாமல் யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "மணலில் செருப்புப் போடவே மாட்டாள். தேள் கொட்டும் என்று அவள் தாய் தினமும் அடிப்பாள்."

அவர் பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் முடிச்சை அவிழ்த்தார். பிறகு இரண்டாவதை. மண்ணை உதறிப் பிரித்துவிட்டு, மிளகாயையும் உப்பையும் குப்பையைத் தள்ளுவது போல நெருப்பில் தள்ளினார். எனக்கும் செல்லத்துரைக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மூடிய கூடாரத்தில் பதினாலு மிளகாய் தீயில் விழுந்தால் அத்தனை பேரும் இருமிச் சாக வேண்டும். கண்ணேறு இருந்தால் மட்டும்தான் கமறாது என்பார்கள். மிளகாய் கருகிச் சுருண்டு சாம்பலாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒருவருக்கும் ஒரு தும்மல் இல்லை. செல்லத்துரை என் முழங்கையைப் பிடித்து அழுத்தினான், பேசாதே என்று நான் தலையசைத்தேன்.

முதல் முடிச்சு மண்ணை அவர் வாசலில் கொட்டினார். இரண்டாவதைக் கொட்டப் போகும்போது திரைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. மருதாணி மங்கிப்போன உள்ளங்கை, விரித்தபடி. அபூ நூரா தயங்கினார். மார்க்கம் தெரிந்த மனுஷர், இது கூடாது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கை அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு மணிகூடச் சிந்தாமல் அந்தக் கையில் கொட்டினார்.

"கலாஸ், முடிந்தது," என்றார் எங்களிடம். "போலீஸ் இல்லை. இவன் முதலாளிக்கும் தெரிய வேண்டாம். காலையில் நாங்கள் கிளம்புகிறோம்." அப்புறம்தான் எங்களுக்குக் காப்பி ஊற்றினார்.

வெள்ளி காலை 6.50. செல்லத்துரையின் ரூமைவிட்டு வெளியே வந்தால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் குளிர்காலக் காலைகளில் பால் மாதிரி மூடுபனி இறங்கும். கூடாரக் கம்புகள் விழும் சத்தமும் சுத்தியல் சத்தமும் கேட்டன, ஆள் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக விளக்கோடு வந்து வேலியைக் கடந்து போயின. கடைசி வண்டி எங்களுக்கு நேரே நின்றது. ஷம்மா நடந்து வந்தாள். தகப்பன் அவள் வலது கையைப் பிடித்திருந்தார். இடது கை நேற்று மாதிரியே நீண்டிருந்தது. பின்கதவைத் தாய் திறந்து பிடித்துக்கொண்டார். பிள்ளை ஏறி உட்கார்ந்தாள். தாய் உடனே கதவைச் சாத்தவில்லை. இன்னொரு பிள்ளை ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மெதுவாகச் சாத்தினார்.

வண்டி பனிக்குள் போனது. நான் செல்லத்துரையின் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"இப்ப யாரும் இல்ல. என்கிட்ட உண்மையைச் சொல்லு. காத்துல கலைஞ்ச பள்ளத்தைப் பாத்துட்டுத்தானே அப்படிச் சொன்னே?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குப் பொய் சொல்ல வந்தா, நான் வைக்கவே இல்லன்னு சொல்லிட்டு நிம்மதியா இருந்திருக்க மாட்டேனா? உங்களை எதுக்குக் கூப்பிடுதேன்?"

அவன் ஆட்டுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டான்.

காலை 9.15. திரும்பும் பஸ்ஸிலும் 27 திர்ஹம்தான். பக்கத்து சீட்டில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் தூங்கிக்கொண்டு வந்தார். ஜன்னலில் பனி கலைந்து, எதிர்ப் பக்கம் சவூதி வண்டிகள் கூடாரத் துணியோடு புதிதாக வந்துகொண்டிருந்தன. எங்கள் ஊருக்கும் குளிர்காலத்தில் விருந்தாளிகள் வருவார்கள். போகும்போது அழுது, பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால் வீடு கொஞ்ச நேரம் வெறிச்சென்று இருக்கும், அதோடு சரி. இங்கே போனவர்கள் யார், போகாமல் நின்றவர்கள் யார் என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வீடியோ கால் போட்டேன். மூத்த மகள் எடுத்தாள். தங்கச்சியைக் கூப்பிடு, ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க என்றேன். இரண்டு பேரும் வந்து இடித்துக்கொண்டு நின்றார்கள். என்ன வாப்பா, என்ன விஷயம் என்று கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "போனைக் கொஞ்சம் கீழ இறக்கிப் பிடி. ரெண்டு பேர் காலையும் வாப்பா பாக்கணும்."